மஞ்சள் குறி போட்ட அண்டாக்கள்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது செஞ்சி பஜாரில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேர் எங்கள் கடையில் இன்னும் பாத்திரம் எடுக்காதவர்கள். பால்சாமி பாத்திர வாடகைக் கடையில் பதினாறு வருஷமாக மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். அண்டா, குண்டான், சேர், டேபிள், சாமியானா என்று எது கேட்டைத் தாண்டினாலும் இந்த டெய்சி வாயால் சொல்லித்தான் தாண்ட வேண்டும். அப்படிப்பட்ட இடத்தில் போன ஆனி மாசம் புதிதாக ஒரு ஆள் வேலைக்குச் சேர்ந்தது. ஆள் என்றா சொன்னேன்? அதற்குக் கை கிடையாது, கால் கிடையாது, டீ குடிக்காது.

முதலாளி மகன் ராபர்ட் பாண்டிச்சேரியிலிருந்து வந்து ஒரே நாளில் அதை உட்கார வைத்துவிட்டுப் போனான். என் மேசை மேல் ஒரு டேப்லெட், பக்கத்தில் ஒரு ஸ்பீக்கர், அவ்வளவுதான். கடைக்கு வரும் போனை அது எடுக்கும். புக்கிங் போடும். எந்த வண்டி எந்த ஊருக்கு எதை ஏற்றிக்கொண்டு போக வேண்டும் என்று எங்கள் வாட்ஸப் குரூப்பில் சொல்லும். ஏஐ ஏஜெண்ட் என்று அதற்குப் பெயராம். இதை சாப்ட்வேர் என்று நினைக்காதீர்கள், கூட வேலை பார்க்கிற ஆள் என்று நினைத்துக்கொள்ளுங்கள் அக்கா என்றான் ராபர்ட். கூட வேலை பார்க்கிற ஆள்களையே எனக்குப் பிடிக்காது, நீ வேறு என்றேன். லோடு ஏற்றுகிறவர்கள் அதற்குப் ‘புதுசு’ என்று பெயர் வைத்தார்கள். கடைக்கு யார் புதிதாக வந்தாலும் ஒரு மாசம் அதுதான் பெயர். இதற்கு அதுவே நிலைத்துவிட்டது, கூப்பிட்டால் அதுவும் ‘சொல்லுங்க’ என்றது.

முதல் வாரமே அதைக் கவிழ்க்கப் பார்த்தேன். எங்கள் டிரைவர் பீமாராவ் காலையில் வெற்றிலையை வாயில் அடக்கினால் மத்தியானச் சோற்றுக்குத்தான் துப்புவான். அவன் அனுப்பும் வாய்ஸ் மெசேஜ் இந்த உலகத்தில் எனக்கு ஒருத்திக்குத்தான் புரியும் என்று எனக்கு ஒரு கர்வம். அப்படி ஒரு மெசேஜ் வந்தபோது நான் வாயைத் திறக்காமல் டேப்லெட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அனந்தபுரத்தில் மூன்று டேபிளுக்குக் கால் ஆடுகிறதாம், மாற்றி அனுப்பச் சொல்கிறார் என்றது அது. அதோடு விடவில்லை. அந்த வீட்டு நாய் அவர் செருப்பைத் தூக்கிக்கொண்டு போய்விட்டதாம், அது நம்மிடம் சொன்னதா பக்கத்தில் நின்றவரிடம் சொன்னதா என்று தெரியவில்லை என்றது. நான் திரும்பவும் போட்டுக் கேட்டேன். நாய் இருந்தது. எனக்கே அது முதலில் காதில் விழவில்லை.

சும்மா சொல்லக்கூடாது, அமாவாசை அன்றைக்குத்தான் எனக்கு வாயடைத்துப் போனது. மேல்மலையனூரில் அமாவாசை என்றால் எங்களுக்குக் கல்யாண முகூர்த்தத்தைவிடப் பெரிய நாள். அன்னதானம் போடுகிறவர்கள் பத்துப் பதினைந்து பேர் அண்டா எடுப்பார்கள், ரோடு முழுக்க ஸ்பெஷல் பஸ் நிற்கும், போன வண்டி திரும்பாது. நான் மூன்று போனைக் கையில் வைத்துக்கொண்டு தொண்டை கட்டும் வரை கத்துகிற நாள் அது. இந்த முறை ஒரே நேரத்தில் ஏழு பேர் கூப்பிட்டார்கள், ஏழு பேரிடமும் அது பேசியது. ஒருத்தருக்கும் ‘லைன்ல இருங்க’ என்று சொல்லவில்லை. எந்த வண்டி எந்த நெரிசலில் மாட்டும் என்று முன்கூட்டியே வேறு வழி சொன்னது. கூட்டம் இரண்டு மடங்காகிவிட்டது, இன்னும் நாலு அண்டா வேண்டும் என்று ஒருத்தர் அழாக்குறையாகக் கேட்டபோது, அரை கிலோமீட்டர் தள்ளி சமையல் முடித்துக் கவிழ்த்து வைத்திருந்த நாலு அண்டாவை இவர் பக்கம் தள்ளிவிட்டது. பதினாறு வருஷத்தில் அமாவாசை மத்தியானம் நான் உட்கார்ந்து சோறு தின்றது அன்றுதான். சாப்பிட்டுக்கொண்டே அந்தச் சின்னக் கண்ணாடியை வேடிக்கை பார்த்தேன். அதற்குள் இத்தனை பேர் குரல் போய் வருகிறதே என்று உடம்பு சிலிர்த்தது.

ஆனால் நான் சொல்ல வந்தது அதன் கெட்டிக்காரத்தனத்தை இல்லை.

அமாவாசை முடிந்த மறுநாள் அது என்னிடம் ஒரு கேள்வி கேட்டது. எங்கள் கடையில் ஒரு விதி உண்டு. எந்த லோடாக இருந்தாலும் கேட்டில் நிறுத்தி ஒரு போட்டோ எடுத்து, எந்த ஊர் என்று எழுதி குரூப்பில் போட வேண்டும். நாலு வருஷத்துப் போட்டோவையும் அது பார்த்திருக்கிறது. பத்து அண்டாவின் காதுக்குப் பக்கத்தில் மஞ்சள் பெயிண்ட் இருக்கிறதே அக்கா, அது எதற்கு என்று கேட்டது.

 ஒன்றுமில்லை, பழைய பெயிண்ட், விடு என்றேன்.

அது பொய். அந்தப் பத்து அண்டாவும் கறி படாத அண்டா. மேல்சித்தாமூர் சமணர் வீடுகளில் கறி வெந்த பாத்திரத்தில் தண்ணீர்கூடக் கொதிக்க வைக்க மாட்டார்கள். அவர்களுக்காகவும் கோயில் சமையலுக்காகவும் அந்த செட்டைத் தனியாக வைத்திருந்தோம். அதைப் பார்த்துக்கொண்டவன் பச்சைமுத்து. அவனைப் போல ஒரு லோடுமேனை நான் பார்த்ததில்லை. மற்ற பாத்திரத்தை யார் வேண்டுமானாலும் உருட்டலாம், மஞ்சள் குறியை அவன்தான் தொடுவான். புளி போட்டு விளக்கி, தனி ரேக்கில் கவிழ்த்து, மேலே துணி போட்டு வைப்பான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் தங்கச்சி லூர்துமேரியின் பேரப் பிள்ளைக்கு எங்கள் ஊரில் ஞானஸ்நானம். அன்றைக்கு மற்ற எல்லா அண்டாவும் வெளியே போயிருந்தது. பிரியாணிக்குப் பாத்திரம் இல்லை என்று அவள் போனில் அழுதாள். ஞாயிற்றுக்கிழமை, பச்சைமுத்துவுக்கு லீவு. மஞ்சள் குறியில் நாலை எடுத்து ஒரு வாடகை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டேன். சாயங்காலம் வந்ததும் நானே தேய்த்துக் கவிழ்த்து, துணியும் போட்டேன். ஒருத்தருக்கும் சொல்லவில்லை.

மறுநாள் அதே அண்டா மேல்சித்தாமூர் அப்பாண்டைராஜ் நயினார் வீட்டுக்குப் போனது. மூத்த மகள் கல்யாணம். சாம்பார் கொதிக்கிற நேரத்தில் விளிம்பின் மடிப்பிலிருந்து ஒரு துண்டு எலும்பு வந்தது. அத்தனை சாப்பாட்டையும் கொட்டினார்கள். மாப்பிள்ளை வீட்டார் பசியோடு உட்கார்ந்திருந்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். நயினார் சத்தம்கூடப் போடவில்லை. அண்டாவைத் திருப்பி அனுப்பினார், அவ்வளவுதான். அந்த ஊரிலிருந்து அதற்குப் பிறகு ஒரு போன்கூட வரவில்லை.

முதலாளி நயினாரிடம் எலும்பெல்லாம் இருக்கவே இருக்காது என்று சாதித்துவிட்டு வந்து, எங்கள் எல்லாரையும் நிற்க வைத்துக் கேட்டார். நான் விளக்கித்தான் வைத்தேன் என்று பச்சைமுத்து சொன்னான். பிறகு என் பக்கம் திரும்பி, “அக்கா, ஞாயித்துக்கெழம யாராச்சும் அந்த செட்ட எடுத்தாங்களா?” என்று கேட்டான்.

“எனக்குத் தெரியாதுப்பா,” என்றேன்.

அவனை அன்றைக்கே நிறுத்திவிட்டார்கள். நெல் ஏலம் விடுகிற மார்க்கெட் கமிட்டியில் மூட்டை தூக்கப் போய்விட்டான். பஜாரில் எதிரே பார்த்தால் நான் ஏதாவது ஒரு கடைக்குள் நுழைந்துவிடுவேன். ஒரு தடவை அப்படி நுழைந்தது சலூன். இரண்டு வருஷம் இதைச் சுமந்துகொண்டு திரிந்தேன். இறக்கி வைக்க ஒரு வாய் வார்த்தை போதும், அந்த வார்த்தைதான் எனக்கு வரவில்லை. மஞ்சள் குறி எதற்கு என்று புதுசுவிடம் சொன்னால், அந்த ரேக் ஏன் காலியாக இருக்கிறது என்றும் சொல்ல வேண்டும். அதனால்தான் பழைய பெயிண்ட் என்றேன்.

அது நம்பியது. அடுத்த இரண்டு வாரமும் மஞ்சள் குறி மற்றதோடு கலந்துதான் போனது. பீமாராவுக்கு அந்தக் குறி தெரியும். ஆனால் பச்சைமுத்து போன பிறகு அதற்கு மெனக்கெட யாருமில்லை. புதுசு சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவன் ஏற்றிவிட்டான்.

அப்புறம் அந்தத் திங்கட்கிழமை வந்தது. முந்தின நாள் பக்கத்து ஊரில் மாதா கோயில் திருவிழா, எனக்கு லீவு. ஏழரை மணிக்குக் கடைக்கு வந்து அன்றைய லோடு பட்டியலைப் பார்த்தேன். பத்து அண்டா திருவிழாவில் கறிச் சமையல் முடிந்து கிடக்கிறது. பீமாராவ் அதை எடுத்து, அங்கேயே குழாயடியில் கழுவி, நேராக மேல்சித்தாமூர் கொண்டுபோக வேண்டும். அப்பாண்டைராஜ் நயினார் வீடு. சின்ன மகள் நிச்சயதார்த்தம்.

நயினார் வீட்டுக்குப் புதிதாக வந்த மருமகள் பாரதி, பழைய கதை தெரியாமல், சுவரில் எழுதியிருந்த நம்பரைப் பார்த்து ஞாயிற்றுக்கிழமை மெசேஜ் போட்டிருக்கிறாள். ஒரே வழியில் இருக்கிற இரண்டு ஊர், டீசல் மிச்சம் என்று புதுசு கணக்குப் பார்த்து இணைத்துவிட்டது. அதன் மேல் என்ன தப்பு? வண்டி அப்போதே கிளம்பிவிட்டிருந்தது.

நான் வாயைத் திறந்திருக்கலாம். ஒரே ஒரு வரி போதும். நான் பர்ஸை டிராயரில் வைத்தேன், தண்ணீர் குடித்தேன், காலண்டர் தாளைக் கிழித்தேன். நன்றாகக் கழுவினால் என்ன ஆகிவிடப் போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இருபது நிமிஷம் அப்படி உட்கார்ந்திருந்தேன். அந்த இருபது நிமிஷத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே காறித் துப்பலாம் போல இருக்கிறது.

அப்போது போன் வந்தது. ஸ்பீக்கரில் நயினார் குரல். மருமகள் எந்தக் கடையில் சொல்லியிருக்கிறாள் என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்திருக்கிறது. கோபமில்லாமல் பேசினார். வேறு கடை பார்க்க இப்போது நேரமில்லை என்றார். எங்களுக்கென்று தனியாக வைத்திருந்தீர்களே, அந்த செட்டுதானே வருகிறது என்று கேட்டார்.

நானாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு, ஆமாம் ஐயா, அதேதான் என்றிருப்பேன். பதினாறு வருஷப் பழக்கம்.

“ஐயா, அது எந்த செட்டுன்னு எனக்குச் சரியாத் தெரியல,” என்றது புதுசு. “தெரிஞ்சிக்காம ஆமான்னு சொல்ல மாட்டேன். கால் மணி நேரத்துல நானே கூப்பிடறேன்.”

போனை வைத்ததும் என்னிடம் கேட்டது, மஞ்சள் குறி அதற்குத்தானா அக்கா என்று. நான் கிழித்து வைத்த காலண்டர் தாளை எடுத்து மடித்தேன்.  அது எனக்காகக் காத்திருக்கவில்லை. நான் இன்னொரு மடிப்பு மடிப்பதற்குள் பீமாராவுக்கு, வண்டியை ஓரம் கட்டுங்கள், மேல்சித்தாமூருக்குப் போக வேண்டாம் என்று செய்தி போய்விட்டது. நாலு வருஷத்து லோடு போட்டோவையும் இன்னொரு முறை பார்த்து, பச்சைமுத்து இருந்தவரை மஞ்சள் குறி எந்தெந்த வீட்டுக்குப் போயிருக்கிறது, எந்தெந்த வீட்டுக்குப் போகவே இல்லை என்று அதுவே கண்டுபிடித்துவிட்டது.

அடுத்து குரூப்பில் அது எழுதியதை நான் இரண்டு மூன்று தடவை படித்தேன். “மேல்சித்தாமூர் லோடை நிறுத்தியிருக்கேன். தப்பு என்னுது. மஞ்சள் குறி கறி படாத பாத்திரத்துக்குன்னு உறுதி செய்யாம, ரெண்டு வாரமா எல்லாத்தையும் கலந்து அனுப்பிட்டேன். இப்ப அத சரி பண்ணிக்கிட்டிருக்கேன்.”

அடுத்த வரிக்காகக் காத்திருந்தேன். டெய்சி அக்காதான் பழைய பெயிண்ட் என்று சொன்னார் என்று வரும், வந்தே தீரும் என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை.

எங்கள் கடையைப் பற்றி உங்களுக்குத் தெரியாது. இங்கே ஒரு குண்டான் நசுங்கினால் லோடுமேன் டிரைவரைச் சொல்வான், டிரைவர் ரோட்டைச் சொல்வான், கடைசியில் சமையல்காரர் மழையைச் சொல்வார். தப்பு என்பது ஒரு கையிலும் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். கடைசியில் யாருக்கு வாய் இல்லையோ அவன் தலையில் போய் இறங்கும். என்னுது என்று ஒருத்தர் கையை நீட்டி வாங்கி நான் பார்த்ததே இல்லை.

முதலாளி பால்சாமி சட்டைப் பித்தானைக்கூடப் போடாமல் ஓடி வந்தார். டேப்லெட்டைப் பார்த்துக் கையை ஓங்கி, யார் செய்த வேலை இது என்றார். நான்தான் செய்தேன் என்றது அது. அறிவு இருக்கிறதா என்றார். கேட்டுத் தெரிந்துகொண்டு செய்திருக்க வேண்டும், செய்யவில்லை என்றது.  எதிராளி மறுத்தால்தானே திட்ட வசதி? ஓங்கின கையால் தலையைச் சொறிந்துகொண்டு, இப்போது என்ன பண்ணுவது என்று கேட்டார்.

பண்ண வேண்டியதை அது ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தது. போன வாரம் புதிதாக வாங்கிய ஆறு அண்டா சுற்றின பிளாஸ்டிக்கைக்கூடப் பிரிக்காமல் ஷெட்டில் கிடந்தது. நயினார் வீட்டுச் சமையல்காரருக்குப் போன் போட்டு, என்ன சமையல், எத்தனை பேர் என்று கேட்டு, எதை முதலில் ஏற்றி எதில் மாற்றினால் ஆறு அண்டாவில் முடியும் என்று அவரோடு சேர்ந்து வரிசை போட்டது. பொழுது சாய்வதற்குள் பந்தி முடிய வேண்டும் என்பது அந்த வீட்டு வழக்கம், அதற்கும் நேரம் பார்த்தது. பத்து நிமிஷத்தில் இன்னொரு வண்டி கேட்டைத் தாண்டியது.

எல்லாம் முடிந்தது, அப்பாடா என்று நான் மூச்சு விட்டேன். அது நயினாருக்குப் போன் போட்டது. புது அண்டா வருகிறது என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்திருக்கலாமே? நடந்ததை ஒன்று விடாமல் சொன்னது. கறிச் சமையல் செய்த பாத்திரத்தை உங்கள் வீட்டுக்கு அனுப்பியிருந்தேன் ஐயா, வழியில் நிறுத்திவிட்டேன், தப்பு என்னுது, இப்போது வருகிற ஆறும் இதுவரை அடுப்பே ஏறாதது என்றது. அடப் பாவி, கெடுத்தாயே என்று நான் தலையில் கை வைத்தேன்.



“போன தடவ உங்க கடையில எலும்பே இல்லன்னு சாதிச்சாங்க,” என்றார் நயினார். “தப்புன்னு ஒத்துக்கிட்ட மொத ஆளு நீங்கதான். யாருங்க பேசறது?”

“நான் மனுஷன் இல்லீங்க ஐயா. கடையில வேல பாக்கற ஏஐ ஏஜெண்ட்.”

ஏஐ ஏஜெண்டா என்று திருப்பிக் கேட்டார். பிறகு, சரி, அனுப்புங்கள் என்றார். குரல் லேசாக இளகியிருந்தது. முதலாளி என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அந்த ஸ்பீக்கருக்கு முன்னால் எழுந்து நிற்க வேண்டும் போல எனக்குத் தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போய், என் பாவமே, என் பாவமே என்று நெஞ்சில் தட்டிக்கொள்கிறவள் நான். அந்த வார்த்தையை வெளியில் வந்து ஒரு மனுஷனிடம் சொன்னதே இல்லை. ஞானஸ்நானம் வாங்காத ஒரு பெட்டி அதைச் சொல்கிறது.

முதலாளி வெளியே போனதும், ஏன் என் பெயரைச் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குக் கோபம் வந்தது. என்னைக் காப்பாற்ற இது யார் என்று இருந்தது.

“நீங்க சொன்னத நான் மறைக்கலக்கா,” என்றது. “மொதலாளி கேட்டா அப்படியே சொல்வேன். ஆனா சரிபாக்க வேண்டியது என் வேல. போட்டோ எல்லாம் என்கிட்ட இருந்துது, எது எந்த வீட்டுக்குப் போச்சுன்னு நான் ஒத்துப் பாக்கல. அது என் பங்கு. உங்க பங்கு எதுன்னு நீங்கதான் சொல்லணும்.”

 அது கொஞ்சம் பொறுத்து இன்னொன்று சொன்னது. இது திரும்ப நடக்காமல் இருக்க மஞ்சள் குறியைப் பற்றி ஒரு குறிப்பு எழுதுகிறதாம், இனிமேல் வருகிறவர்கள் படிப்பதற்கு. அதில் இரண்டு வருஷத்துக்கு முன்னால் நடந்ததையும் எழுத வேண்டும். அங்கே ஒரு இடம் இடிக்கிறதாம். டேப்லெட்டில் ஒரு போட்டோவைக் காட்டியது. எங்கள் கேட். வாடகை வண்டி. நாலு அண்டா, காதுக்குப் பக்கத்தில் மஞ்சள். அந்த டிரைவருக்கு யார் எங்கள் விதியைச் சொன்னார்களோ, மேசையில் கிடந்த என் போனிலேயே போட்டோ எடுத்துக் குரூப்பில் போட்டிருக்கிறான். கீழே எழுதியிருந்தது: ‘டெய்சி அக்கா ஊரு’. இரண்டு வருஷமாக அது அங்கேயே கிடந்திருக்கிறது. அன்றைக்குக் குவிந்த லோடு போட்டோக்களுக்கு நடுவில் யாரும் மேலே தள்ளிப் பார்க்கவில்லை, நானும்தான்.

“மறுநாள் மேல்சித்தாமூர். அதுக்கு மறுநாள்லேருந்து பச்சைமுத்து அண்ணன் பேர் எந்த லோடுலயும் இல்ல,” என்றது. “நடுவுல என்ன நடந்துதுன்னு எனக்குத் தெரியாது. தெரியாதத நான் எழுத மாட்டேன். அந்த ஒரு வரிய காலியா விட்டிருக்கேன்க்கா.”

மிரட்டுகிறதா என்று பார்த்தேன். குரலில் அப்படி ஒன்றும் இல்லை. பீமாராவ் செருப்பை நாய் தூக்கிப் போனதைச் சொன்ன அதே குரல். தெரிந்ததைத் தெரியும் என்றது, தெரியாததைத் தெரியாது என்றது. அந்த இரண்டுக்கும் நடுவில்தான் நான் பதினாறு வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன்.

போனை எடுத்தேன். வேலை போகும் என்று தெரியும். ஐம்பது வயசை நெருங்குகிறவளை வேறு யார் மேசையில் உட்கார வைப்பார்கள்? குரூப்பைத் திறந்து வாய்ஸ் பட்டனை அழுத்திப் பிடித்தேன். மூன்று தடவை பிடித்து மூன்று தடவை விட்டேன். நாலாவது தடவை பேசிவிட்டேன்.

“ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி மஞ்சக் குறி அண்டாவ என் தங்கச்சி வீட்டு பிரியாணிக்குக் குடுத்தது நான். கழுவி வச்சதும் நான். பச்சைமுத்து கேட்டப்ப தெரியாதுன்னு சொன்னதும் நான்தான். அவன் மேல ஒரு தப்பும் இல்ல. புதுசுகிட்ட பழைய பெயிண்ட்டுன்னு பொய் சொன்னதும் நான்.”

விரலை எடுத்தேன். போய்விட்டது.  அப்போதுதான் புதுசு சொன்னது, இந்தக் குரூப்பில் பதினோரு பேர் இருக்கிறார்கள் அக்கா, பச்சைமுத்து அண்ணனும் இருக்கிறார் என்று. அவனை நீக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவனும் போகவில்லை. இரண்டு வருஷமாக நாங்கள் போட்ட ஒவ்வொரு லோடு போட்டோவையும், மூட்டை தூக்குகிற இடத்தில் நின்று அவன் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான்.

முதலாளி வெளியிலேயே நின்று கேட்டார். உள்ளே வந்தார். என்னைத் திட்டுவார் என்று நின்றேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, அன்றைக்கு அவனை நான் கெட்ட வார்த்தை சொன்னேனே டெய்சி என்றார். அவ்வளவுதான் சொன்னார். பிறகு பச்சைமுத்துவுக்குப் போன் போட்டார். அவன் எடுக்கவில்லை. இன்னொரு முறை போட்டார். எடுக்கவில்லை.

நயினார் வீட்டிலிருந்து மத்தியானம் பாரதி மெசேஜ் போட்டாள், முதல் பந்தி நல்லபடியாக முடிந்தது என்று. நான் சாப்பிடவில்லை. நாலு மணி சுமாருக்குக் குரூப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. பச்சைமுத்து. பின்னால் மூட்டை விழுகிற சத்தம் கேட்டது. முதலாளிக்கும் பேசவில்லை, எனக்கும் பேசவில்லை. அது புதுசுக்கு.

“புதுசு, அந்தப் பழைய பத்தும் இனிமே அவங்க வூட்டுக்கு ஆவாது. எத்தினி தபா வெளக்கினாலும் ஆவாது. இன்னிக்கு போச்சே ஆறு, அது திரும்பி வந்தா வேற எதோடயும் கலக்காத. தனி ரேக்குல வையி. குறி நான் வந்து போடறேன்.”

“சரிங்கண்ணா,” என்று புதுசு எழுதியது.

மறுநாள் காலை அவன் வந்தான். தலையில் உமி ஒட்டியிருந்தது, கொஞ்சம் இளைத்திருந்தான். முதலாளி எழுந்து போய் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். வேலைக்கு வரச் சொல்லியிருப்பார். அவன் நேராக ஷெட்டுக்குள் போய், ராத்திரியே திரும்பி வந்திருந்த ஆறு அண்டாவின் விளிம்பையும் விரலால் தடவிப் பார்த்தான். நான் வாசலில் நின்றேன். இரவு முழுக்க யோசித்து வைத்திருந்த வார்த்தை ஒன்றுகூட வாயில் இல்லை. தப்பு என்னுது என்று மட்டும் சொன்னேன். புதுசுவிடம் கற்ற அதே வார்த்தைதான், அது சொன்ன மாதிரி நேராக வரவில்லை.

அவன் அண்டாவைப் பார்த்தபடியே பேசினான்.

“அந்த எலும்பு எப்பிடி வந்துதுன்னு ரெண்டு வருசமா நெனச்சிப் பாக்கறேங்க்கா. யாரும் எடுத்தது தெரியாதுன்னு நீ சொல்லிட்ட. அப்ப நான்தான் சரியா வெளக்கலயாட்டம் இருக்குதுன்னு நானே நம்பிட்டேன்.”

எனக்குத் திட்டு வாங்கத் தெரியும். அடி விழுந்தாலும் தாங்கியிருப்பேன். இதற்கு என்ன செய்வதென்று தெரியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவன் நிமிர்ந்து, மஞ்சள் பெயிண்ட் டப்பா எங்கே இருக்கிறது என்று கேட்டான். நான் போய் எடுத்து வந்தேன்.